எங்கேக்கா உங்க கோட்டை?

சென்ற டிசம்பர் விடுமுறையில் வேலூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். போய் இறங்கிய மறுநாளே சித்தி மகள் என்னைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றாள். ஊருக்கு வெளியே எங்கோ ஒரு மேட்டில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கடைகளையும் ஆட்டோக்களையும் தாண்டிச் சாலையைக் கடந்தால், கண்ணெதிரே அகழி. அகழிக்கு அந்தப் பக்கம் கருங்கல் மதில். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிவாசல், அருங்காட்சியகம், அரசு அலுவலகங்கள். 16ஆம் நூற்றாண்டில், விஜயநகரப் பேரரசு காலத்தில் கட்டிய கோட்டை ஊரின் நடுவில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

மதில்மேல் நின்றபடி அவள் கேட்டாள்: “உங்க ஊர்ல இந்த மாதிரி ஏதாவது இருக்காக்கா? எல்லாமே புதுசுதானே?”

“ஏன் இல்லை? எங்களுக்கும் கோட்டை இருக்கு. ஃபோர்ட் கெனிங். அதுவும் நகரத்துக்கு நடுவில்தான்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தக் குன்றுக்கு நான் போனது இரண்டே முறை. ஒருமுறை இசை நிகழ்ச்சிக்கு, இன்னொரு முறை படம் எடுக்க. தொடக்கப்பள்ளியில் “1819க்கு முன் சிங்கப்பூர் ஒரு மீன்பிடிக் கிராமம்” என்று மனப்பாடமாக ஒப்பித்துக் கைத்தட்டல் வாங்கியவள் நான்.

மே மாதக் கடைசியில் அவள் சிங்கப்பூர் வந்தாள். இனித் தப்பிக்க முடியாது. அவள் வருவதற்கு முந்தைய வாரம் முழுவதும் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். தேர்வுக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். ரயில் மாறச் சோம்பல்பட்டு, புக்கிட் பாத்தோக்கிலிருந்து உட்லண்ட்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு டோபி காட் போய் இறங்கினோம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பிரபலமான சுழல் படிக்கட்டு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வட்டமான சுவருக்கு மேல் மரம் கவிந்திருக்கும். உங்கள் கைப்பேசியிலும் ஒரு படம் இருக்கக்கூடும். அன்றும் நீண்ட வரிசை. நாங்களும் நின்றோம், படம் எடுத்தோம். “இதான் கோட்டையா?” என்றாள். இல்லை என்று சொல்லி மேலே அழைத்துப் போனேன்.

குன்றின் மேல் கோட்டை வாசல் இருக்கிறது. தடித்த சுவர், கனத்த கதவு, பக்கத்தில் கொஞ்சம் மதில், அருகில் பழைய பீரங்கிகள். இன்னொரு சரிவில் மறைவாக வெளியேற வைத்திருந்த சிறிய வாசல் ஒன்றும் மிஞ்சியுள்ளது. அவ்வளவுதான். வேலூர்க்காரி இரண்டு நிமிடத்தில் சுற்றி வந்துவிட்டு என்னைப் பார்த்தாள். “மிச்சம் எங்கேக்கா?”

மிச்சத்தை 1907இல் இடித்துவிட்டார்கள். இந்தக் கோட்டையைக் கட்டியது பிரிட்டிஷ்காரர்கள், 1859 முதல் 1861 வரை. அப்போது இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த கெனிங் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வடிவமைத்தவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் கோலியர். கோலியர் கீ என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கோலியர்தான். கடலிலிருந்து வரும் எதிரியைத் தடுப்பது ஒரு நோக்கம். நகரில் கலவரம் வெடித்தால் ஐரோப்பியர் ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டும் என்பது இன்னொன்று. 1854இல் இங்கே சீனக் குழுக்களிடையே பெரிய கலவரம் நடந்திருந்தது. 1857இல் இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி. குன்றின் அடிவாரத்தில், பிராஸ் பசாவில், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் சிறை. மேலே இருப்பவர்களுக்குப் பயம் இருந்திருக்கும்தானே?

ஆனால் கட்டி முடித்தபோதே குறைகள் தெரிந்துவிட்டன. நகரத்தின் நடுவில் இருக்கும் கோட்டையிலிருந்து கப்பலைச் சுட்டால், கப்பல் திருப்பிச் சுடும்போது அடிபடுவது நகரம். அந்தக் கோட்டை ஒருமுறைகூடப் போரில் ஈடுபடவில்லை. ஐம்பது ஆண்டுகூட நிற்காமல் இடிபட்டு, 1920களில் அந்த இடத்தில் நீர்த்தேக்கம் வந்தது.

“அப்போ உங்க கோட்டைக்கு வயசு 160 சொச்சம். எங்களுது நானூத்தி சொச்சம்” என்று கணக்குப் போட்டாள்.

இந்த இடத்துக்காகத்தான் நான் ஒரு வாரம் படித்திருந்தேன். “இல்லை. நான் காட்ட வந்தது இதை இல்லை. உங்க கோட்டையைவிட 200 வருஷம் மூத்த கோட்டை ஒன்று இங்கே இருந்தது.”

“எங்கே?”

“கண்ணுக்குத் தெரியாது.”

அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. “இல்லாத கோட்டைக்கு வயசு மட்டும் எப்படித் தெரியும்க்கா?”

அன்று முழுவதும் அவள் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். எப்படித் தெரியும்? முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, பள்ளியில் நான் ஒருமுறையாவது அப்படிக் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.

முதல் சாட்சி ஒரு நாட்குறிப்பு. 1822 பிப்ரவரியில் ஜான் கிராஃபர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சயாமுக்குத் தூது போகும் வழியில் சிங்கப்பூரில் தங்கினார். அடுத்த ஆண்டு இங்கேயே நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவர். நகரைச் சுற்றி நடந்து, கண்டதை எழுதி வைத்தார். கடற்கரையிலிருந்து குன்றின் அடிவாரம் வரை ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு ஒரு பழைய மண்மதில். அடியில் 16 அடி அகலம், உயரம் எட்டு ஒன்பது அடி. அதை ஒட்டி ஓடிய நன்னீர் ஓடையே அகழிபோல அமைந்திருந்தது. குன்றின்மேல் செங்கல் அடித்தளங்கள், செதுக்கிய கற்கள், யாரோ எப்போதோ நட்டு வயதாகிப்போன பழமரங்கள், உடைந்த பாண்டங்கள், சீனச் செப்புக் காசுகள். அந்தக் காசுகளில் சில 10, 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ராஃபிள்ஸ் இறங்கி மூன்றே ஆண்டுகள் ஆன ஊரில் ஒரு மைல் நீளத்துக்குப் பாழடைந்த மதில் இருந்தால், அது யாருடையது?

குன்றுக்கு மலாய் மக்கள் வைத்திருந்த பெயர் புக்கிட் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட குன்று. பழைய மன்னர்களின் அரண்மனை இருந்த இடம், ஏறக்கூடாது என்று நம்பினார்கள். நம்பிக்கை மட்டும் சாட்சியாகாது, சரி. ஆனால் 1920களில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய தொழிலாளர்களின் கையில் தங்க நகைகள் கிடைத்தன. காலமுகம் செதுக்கிய கைவளையம், காதணிகள், எல்லாம் ஜாவா பாணியில். 1984 ஜனவரியில் தொல்லியல் அறிஞர் ஜான் மிக்சிக் இஸ்கந்தர் ஷா நினைவிடம் அருகே அகழாய்வு செய்தார். பத்தே நாள் வேலை. மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்தபோது, பிரிட்டிஷ் காலத்துப் பொருள்கள் மேல் அடுக்குகளில் கிடைத்தன. அவற்றுக்குக் கீழே 14ஆம் நூற்றாண்டின் சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் கிடந்தன. சீனாவின் யுவான் வம்சத்துப் பீங்கான் எந்தக் காலத்தது என்பதை அதன் களிமண்ணும் பூச்சும் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பகுதியில் இன்று அகழாய்வுக் குழி ஒன்று காட்சிக்காக அப்படியே விடப்பட்டிருக்கிறது. தங்கை குனிந்து நீண்ட நேரம் பார்த்தாள். மதிலைப் பார்த்தபோதுகூட அவள் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

“சரி, இங்க ஆளுங்க இருந்தாங்க. கோட்டைன்னு எப்படிச் சொல்றீங்க? வெறும் வேலியா இருந்தா?”

நல்ல கேள்வி. அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 1349 வாக்கில் எழுதிய நூலில் தெமாசெக் வருகிறது. சயாமியர் சுமார் 70 கப்பல்களில் வந்து தாக்கியதாகவும், ஊர்மக்கள் கதவுகளைச் சாத்திக்கொண்டு ஒரு மாதம் தாக்குப்பிடித்ததாகவும், அந்தப் பக்கமாக ஒரு தூதுக்குழு கடந்து சென்றபோது சயாமியர் விலகிப்போனதாகவும் எழுதுகிறார். கதவு இருந்தால் மதில் இருந்திருக்க வேண்டும். எழுபது கப்பல் ஆட்களை ஒரு மாதம் வெளியே நிறுத்தி வைக்கும் மதில் வெறும் வேலியாக இருக்காது. பெரிய பீரங்கிகளோடு இருந்த கெனிங் கோட்டை ஒரு நாள்கூடச் சண்டை போடவில்லை. மண்ணால் கட்டிய மதில் ஒரு மாதம் ஊரைக் காத்தது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

அந்த மதிலின் முடிவைச் சொல்வது ‘செஜாரா மெலாயு’. ஆனால் அது 17ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட நூல், நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு 200 ஆண்டுகள் பிந்தியது. எனவே அதைக் கதையாகவே சொன்னேன். மன்னர் ஓர் அமைச்சரின் மகளை, விசாரிக்காமல், பொய்க் குற்றச்சாட்டை நம்பிக் கொல்கிறார். மகளை இழந்த சங் ராஜுனா தாப்பா மஜபாஹிட் படையை வரவழைத்து, விடியற்காலையில் தன் கையாலேயே கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறார். ஊர் அழிகிறது. துரோகம் செய்த அவரும் கல்லாகிவிடுகிறார்.

“வெளியிலிருந்து வந்தவங்களால முடியல. உள்ளே இருந்தவர் திறந்தார்” என்றாள். 1806இல் வேலூரில் நடந்ததும் உள்ளே இருந்தவர்களின் கோபம்தான். தலைப்பாகையை மாற்று, தாடியை எடு, நெற்றிக் குறியை அழி என்று உத்தரவு போட்டார்கள். ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். அதை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் பாய்ந்து வந்தவர் கில்லெஸ்பி. அதே கில்லெஸ்பி 1811இல் ஜாவா படையெடுப்பில் ராஃபிள்ஸோடு இருந்தார், பிறகு ராஃபிள்ஸ்மீதே புகார் எழுதினார். இதைச் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. எனக்கா கில்லெஸ்பிக்கா என்று கேட்கவில்லை.

‘செஜாரா மெலாயு’வில் நமக்கு வேண்டிய இன்னொருவரும் வருகிறார்: ராஜா சூலான். சில பிரதிகளில் ராஜா சூரான். சோழர்களின் நினைவு, குறிப்பாக 1025இல் ஸ்ரீவிஜயத்தின்மீது படையெடுத்த ராஜேந்திர சோழனின் நினைவு, கதையாக உருமாறியதே இந்தப் பாத்திரம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவர் சீனாவைப் பிடிக்கக் கிளம்பித் தெமாசெக் வரை வந்துவிடுகிறார். சீனப் பேரரசர் ஒரு தந்திரம் செய்கிறார். ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும் பழமரங்களையும் பல்போன கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார். “சீனா எவ்வளவு தூரம்?” என்று கேட்டால் கிழவர்கள் சொல்கிறார்கள்: “கிளம்பும்போது நாங்கள் சிறுவர்கள். இந்த மரங்கள் விதையாக இருந்தன. இந்த ஊசிகள் கை கனத்துக்கு இரும்புக் கம்பிகள்.” சூலான் திரும்பிவிடுகிறார். சங் நீல உத்தமனின் பரம்பரையை இந்தச் சூலானோடுதான் அந்த நூல் இணைக்கிறது. “வடிவேலு காமெடி மாதிரி இருக்கே” என்பது தங்கையின் விமர்சனம்.

மதியம் மதிலை நடந்து பார்த்தோம். இல்லாத மதிலை எப்படி நடப்பது என்கிறீர்களா? 1820களின் வரைபடங்களில் பழைய மதிலின் கோடு இருக்கிறது. கிராஃபர்ட் சொன்ன ஓடை இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாய், சாலைக்கு அடியில் ஓடுகிறது. எனவே குன்றின் அடிவாரத்திலிருக்கும் தேசிய அரும்பொருளகத்தில் தொடங்கி, ஸ்டாம்ஃபர்ட் சாலையோடு கடலை நோக்கி நடந்தால், ஏறத்தாழ மதிலோடு நடக்கிறீர்கள். வலப்பக்கம் பழைய நகரத்தின் உள்புறம், இடப்பக்கம் வெளிப்புறம். அரும்பொருளகத்திலேயே சிங்கப்பூர்க் கல்லின் ஒரு துண்டும் இருக்கிறது. ஆற்றுமுகத்தில் நின்ற பெரிய கல்வெட்டை 1843இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எழுத்தை இன்றுவரை யாரும் முழுமையாகப் படிக்கவில்லை. அதில் ‘கேசரிவ’ என்ற எழுத்துகள் இருப்பதாகவும், அது சோழ மன்னர்களின் ‘பரகேசரிவர்மன்’ பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றும் 2019இல் ஓர் ஆய்வாளர் கருத்து சொன்னார். தங்கை உடனே குதித்தாள். இந்தமுறை கேட்டது நான்: “எப்படித் தெரியும்?” மற்ற துண்டுகள் கிடைக்காமல் முடிவுக்கு வர முடியாது. நமக்குப் பிடித்த விடை என்பதற்காகக் கேள்வியை விட்டுவிடக் கூடாது அல்லவா?

வழியில் வலப்பக்கம் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். கெனிங் கோட்டை எழுந்த அதே ஆண்டுகளில், பிராஸ் பசா சிறையின் இந்தியக் கைதிகள் கட்டியது. உள்சுவரின் வழவழப்புக்குக் காரணம் மதராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்து அரைத்த பூச்சு. பூசிக் காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். தங்கை தூணில் கை வைத்துப் பார்த்தாள். “பழைய வீட்டுத் தூண் மாதிரியே இருக்கு” என்றாள். யாரைப் பற்றிய பயத்தால் மேலே கோட்டை எழுந்ததோ, அவர்களின் கைவேலை கீழே நிற்கிறது. கோட்டை போய்விட்டது.

பீச் ரோடு வந்ததும் நின்றோம். பெயரே சொல்கிறது, கடற்கரை அங்கேதான் இருந்தது. மதிலும் அங்கே முடிந்தது. இன்று எதிரே கார்களும் கட்டடங்களும். ஒரு அறிவிப்புப் பலகையாவது வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சாலையில் ஒரு கோடு போட்டாலும் போதும்.

பூகிஸ் நிலையத்தில் டௌன்டவுன் ரயில் ஏறி ஹில்வியூவில் இறங்கினோம். காரணம் இருந்தது. கெனிங் குன்றுக்குக் கீழே, 9 மீட்டர் ஆழத்தில், ‘பேட்டல்பாக்ஸ்’ எனும் நிலவறை இருக்கிறது. குன்று கடைசியாகக் கோட்டையானது அப்போதுதான். 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டின் முதல் நாள். காலையில் அந்த நிலவறையில் தளபதி பெர்சிவல் சரணடைவது என்று முடிவெடுத்தார். மாலையில் கையெழுத்துப் போட்டது அப்பர் புக்கிட் தீமா சாலையிலுள்ள ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில். அது எங்கள் வட்டாரம். நான் பேருந்தில் எத்தனையோ முறை கடந்துபோன வெள்ளைக் கட்டடம்.

அதன் பக்கத்தில் லோரோங் செசுவாய் என்ற சின்னச் சாலை குன்றின்மேல் ஏறுகிறது. முடிவில் நீண்ட படிக்கட்டு, சுமார் 120 படிகள். 1942இல் ஜப்பானியர் தங்கள் வீரர்களுக்காக உச்சியில் மரத்தாலான நினைவுத்தூண் எழுப்பினார்கள். கட்டியவர்கள் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகள். தங்கள் தரப்பில் இறந்தவர்களுக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்று அவர்கள் கேட்க, தூணுக்குப் பின்னால் ஒரு சிலுவை வைக்க அனுமதி கிடைத்தது. 1945இல் தோற்றபோது ஜப்பானியரே எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். படிகள் மட்டும் மிச்சம். மேலே இப்போது ஒலிபரப்புக் கோபுரம், சுற்றிலும் வேலி.

நான் பிறந்ததிலிருந்து புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறேன். அந்தப் படிகளில் ஏறியது அன்றுதான் முதல்முறை. தங்கை எண்ணிக்கொண்டே ஏறினாள். உச்சியில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, “119” என்றாள். எனக்கு 121 வந்திருந்தது. இருட்டுவதற்குள் இன்னொரு தடவை எண்ணிவிடலாம் என்று இறங்கினோம்.